மெட்ஃபோர்டு ராயல் ஹவுஸ்: பிள்ளைகளோடு கட்டாயம் போய் வாருங்கள்

பாஸ்டன் பக்கம் இருக்கிற நாமெல்லாம் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றைக் காட்ட வேண்டும் என்றால் முதலில் கூட்டிப்போவது ஃப்ரீடம் ட்ரெயிலுக்குத்தான். தரையில் இரண்டரை மைலுக்குப் போகும் சிவப்புக் கோடு, வழியில் 16 வரலாற்று இடங்கள், அருமையான நடை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்திவிடாமல் பக்கத்து ஊரான மெட்ஃபோர்டில் இருக்கும் 'ராயல் ஹவுஸ் அண்ட் ஸ்லேவ் குவார்ட்டர்ஸ்' அருங்காட்சியகத்துக்கும் ஒரு முறை போய் வாருங்கள். என் மகள் ஐந்தாம் வகுப்பு. அடிமை முறை என்றால் தெற்கு மாநிலங்கள், பருத்திக் காடு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். 1641-லேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது இந்த மாசசூசெட்ஸ்தான் என்று நான் வீட்டில் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

இங்கே நேரிலேயே பார்த்துவிட்டாள். ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் மூன்று மாடி மாளிகை, சில எட்டு தள்ளி அடிமைகள் தங்கிய கட்டடம். அமெரிக்காவின் வட பகுதியில் இப்படித் தனியாக நிற்கும் அடிமைக் குடியிருப்பு இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஐசக் ராயல் என்பவர் கரீபியன் கடலில் இருக்கும் ஆன்டிகுவா தீவில் கரும்புத் தோட்டம், ரம், அடிமை வியாபாரம் என்று சேர்த்த பணத்தோடு 1737-ல் இங்கே குடிவந்தார், கூடவே குறைந்தது 27 பேரை அடிமைகளாகக் கொண்டுவந்தார். மாளிகையின் மேற்குச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள், வெட்டுக்கல் போலத் தெரிவது மரப்பலகையில் செதுக்கியது. இந்தப் பக்கம் அகழாய்வில் கிடைத்த பொருட்களில் கோலிகளும், உடைந்த பாத்திர ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய ஆட்டக் காய்களும் உண்டு, நாம் பாண்டி ஆட உரசி வைத்துக்கொள்வோமே, அதே சில்லு. வேலை முடிந்த பிறகு யாரோ உட்கார்ந்து விளையாடியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த இடத்தின் உயிர் பெலிண்டா சட்டன்தான். ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகப் பிடித்துவரப்பட்டு, ஐம்பது வருடம் ராயல் குடும்பத்துக்கு உழைத்தவர். 1775-ல் அமெரிக்க விடுதலைப் போர் வெடிக்கும் நேரத்தில் ஐசக் ராயலின் மகன் பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்து ஊரை விட்டே போய்விட்டார், வீட்டில் அமெரிக்கப் படைத் தளபதி ஜான் ஸ்டார்க் வந்து தங்கினார். 1783-ல் பெலிண்டா மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார், ராயல் குடும்பச் சொத்தில் ஒரு பங்கு என் உழைப்பில் சேர்ந்தது, எனக்கும் உடம்பு முடியாத என் மகளுக்கும் அதிலிருந்து கொடுங்கள் என்று. கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. வருடத்துக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் தர உத்தரவானது, அப்புறம் அதையும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை, 1793 வரை திரும்பத் திரும்ப மனு போட வேண்டியிருந்தது. "கொடுக்கிறேன்னு சொல்லிட்டு ஏன் கொடுக்கலை?" என்று என் மகள் கேட்டாள். பாடப்புத்தகத்தில் விடுதலைப் போரைப் படித்து முடித்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கேள்வி வர வேண்டும் என்பேன். பெரிய பிள்ளைகள் என்றால் ஹார்வர்டு கதையையும் சொல்லுங்கள்: மகன் ராயல் எழுதிவைத்த சொத்தில்தான் அந்தப் பல்கலைக்கழகத்தில் 1815-ல் முதல் சட்டப் பேராசிரியர் பதவி வந்தது, அந்தக் குடும்பச் சின்னத்தை சட்டக் கல்லூரி தன் முத்திரையிலிருந்து எடுத்தது 2016-ல்தான்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயம். வருடம் முழுவதும் திறந்திருக்காது, அதனால் இணையதளத்தில் நாள், நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பழைய வீடு, மாடிப்படி ஏறத்தான் வேண்டும், முட்டி வலி உள்ள தாத்தா பாட்டியைக் கூட்டிப்போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. சின்னக் குழந்தைகளுக்குத் தொட்டு விளையாட இங்கே ஒன்றும் கிடையாது, எட்டு ஒன்பது வயதுக்கு மேல் இருந்தால்தான் கதை பிடிபடும். ஆசிரியர்கள் வகுப்போடு போவதாக இருந்தால், பெலிண்டாவின் மனு இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது, அதை அச்செடுத்துப் பிள்ளைகளை முதல் நாளே சத்தமாகப் படிக்க வையுங்கள், அப்புறம் கூட்டிப்போங்கள்.