கோத்தகிரி பக்கம் வீடு கட்டுறவங்க கவனத்துக்கு: தென்னை மரத்தோட வந்த பிளான்

நீலகிரியில் வீடு கட்டப் பிளான் போடக் கொடுக்கப் போகிறீர்களா? "பிளான், 3டி எலிவேஷன், அப்ரூவல் மூணும் ஒரே பேக்கேஜ், நீங்க அலையவே வேண்டாம்" என்று கீழே சமவெளியிலிருந்து யாராவது வந்து சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் போயிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை.

கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி மாமனார் பெயரில் ஆறே முக்கால் சென்ட் இருக்கிறது. மேற்குப் பக்கம், மேலே, ரோடு. அங்கிருந்து கிழக்கே சரிந்து போய் டீ தோட்டத்தில் முடியும். மூன்றடி நடந்தால் ஓரடி இறங்குகிற சரிவு. இந்த ஊருக்கு இது பெரிய சரிவே இல்லை. மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். கொழுந்தனார் குடும்பம் லீவுக்கு வரும். மாமியாருக்கு மூட்டு வலி. அதனால் அவர்கள் ரூமுக்கு ரோட்டிலிருந்து படி இறங்காமல் போகணும், காலை வெயில் விழணும், துணி காயப் போட மழை படாத இடம் ஒன்று வேணும். கேட்டது இவ்வளவுதான்.

டிசைனர் என்று வந்தவர் உறவுக்காரர் ஒருவர் மூலமாக வந்தார். ரோட்டில் நின்றபடியே மொபைலில் நாலு போட்டோ எடுத்தார். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை, கீழ் எல்லை வரைக்கும் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை, ஷூ வழுக்குதாம். "எத்தனை பெட்ரூம்? வாஸ்து பார்ப்பீங்களா? வீட்டு வாசல் கிழக்கா வைக்கலாமா?" இதுதான் அவர் கேட்டது. மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும், ஊற்று ஏதாவது கசியுமா, மேல் வீட்டுத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. மலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது 3டி படம். பளபளவென்று கண்ணாடி, சாயங்கால வெளிச்சம், வாசலில் ஒரு வெள்ளைக் கார், இரண்டு பக்கமும் இரண்டு தென்னை மரம். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது யாரு வீடும்மா?" என்றார். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இங்கே தென்னை வைத்தால் குளிரில் விறைத்து நிற்கும், காய் பிடிக்காது. போன் போட்டுக் கேட்டபோது, "அது சும்மா ஷோவுக்கு மேடம், டெம்ப்ளேட்லயே வரும்" என்றார். உண்மை அந்த இடத்தில் தானாக வாயில் வந்துவிட்டது.

அடுத்து வந்த பிளானும் அப்படித்தான். சமவெளியில் லேஅவுட் மனைக்குப் போடுகிற அதே முப்பதுக்கு நாற்பது. கிழக்கே "23 அடி ரோடு" என்று போட்டு, அங்கிருந்து கார் ஷெட்டுக்கு நேராக வழி. எங்கள் இடத்தில் கிழக்கே இருப்பது டீச் செடி. ரோடு மேற்கே, அதுவும் பன்னிரண்டு அடிதான். காரை ஹெலிகாப்டரில்தான் இறக்கணும்.

மாமனாருக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரை வரச் சொன்னோம். இந்தப் பக்கம் ஏகப்பட்ட வீடு கட்டியவர். பிளானைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார், மடித்து என்னிடமே கொடுத்தார், பையிலிருந்து டியூப் லெவலை எடுத்தார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையை மேல் எல்லைக் கல்லில் என் வீட்டுக்காரர் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் கீழே இறங்கினார். வீட்டின் கிழக்குச் சுவர் வரவேண்டிய இடத்தில் ஒரு மூங்கிலை நட்டு, டியூபை அதோடு சேர்த்து மேலே தூக்கிக்கொண்டே போனார். தண்ணீர் நின்ற இடம் அவர் தலைக்கு மேலே, நீட்டின கைக்கும் மேலே போய்விட்டது. சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, "பத்தடிங்கம்மா. பிளான்ல எல்லா ரூமும் ஒரே லெவலுங்க. இந்தப் பத்தடியை எங்கீங்க கொண்டு போறது?" என்றார்.

கணக்கு எளிதானது. முப்பதடி அகலத்தில் பத்தடி இறக்கம் என்றால், வீட்டைச் சமதளத்தில் உட்கார வைக்கப் பின்னால் பத்தடி உயரத்துக்கு மண்ணை வெட்டணும். சராசரி ஐந்தடி ஆழம், 1,200 சதுர அடி. 6,000 கன அடி, அதாவது யூனிட்டுக்கு நூறு கன அடி வீதம் 60 யூனிட் மண். தோண்டினால் உப்பி இன்னும் அதிகமாகும். பன்னிரண்டு அடி ரோட்டில் எத்தனை டிப்பர் லோடு, எங்கே கொட்டுவது? கீழே தள்ளினால் அடுத்தவர் தோட்டம். இது போக, நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஜேசிபி வைத்து மண் வெட்ட முடியாது, வண்டியையே பிடித்துவிடுவார்கள். இவ்வளவு வேலை உள்ள பிளானில் தடுப்புச் சுவர் என்று ஒரு கோடுகூட இல்லை. பெட்ரூம் சுவரே மண்ணைத் தாங்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

அந்தப் பெட்ரூம் யாருடையது தெரியுமா? மாமனார் மாமியாருடையது. வாஸ்துப்படி தென்மேற்கு, குபேர மூலை. சமவெளியில் சரியாக இருக்கலாம். எங்கள் இடத்தில் தென்மேற்கு என்பது மலைக்குள்ளே. ஒரு சுவருக்குப் பின்னால் பத்தடி ஈர மண், ஜன்னல் வைக்க இடமில்லை, வெயிலே எட்டிப் பார்க்காது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அப்படிப்பட்ட ரூமில் ஐப்பசியில் ஓதம் ஏறினால் பங்குனி வரைக்கும் இறங்காது. அலமாரியில் இருக்கிற பட்டுப் புடவை பூசணம் பூத்துவிடும். மூட்டு வலிக்காரரை அங்கே படுக்க வைக்கவா ஒருவர் காசு வாங்கினார்?

செப்டிக் டேங்க் கதை இன்னும் நன்றாக இருக்கும். வடமேற்கு மூலையில் பாத்ரூம், அதற்குப் பின்னால் காலி இடத்தில் டேங்க். பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. நிஜத்தில் அந்தக் காலி இடம் பாத்ரூம் தரையைவிடப் பத்தடி மேலே. மேஸ்திரி சிரிக்கக்கூட இல்லை. "தண்ணி மேலே ஏறுங்களா?" என்று மட்டும் கேட்டார். டேங்க்கைக் கீழே கிழக்குப் பக்கம் கொண்டுபோகலாம் என்றால், பாத்ரூம் பைப் ஹாலுக்கும் பூஜை ரூமுக்கும் அடியில்தான் போகணும்.

நடுவில் காற்றோட்டத்துக்கு என்று வானம் பார்த்த டக்ட் ஒன்று. கோயம்புத்தூர் வெயிலுக்கு அது வரம். இங்கே மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் அந்த ஓட்டை வழியாக நேராகச் சமையலறைக்குள் வந்து உட்காரும். துணி காயப் போட இடம்? மொட்டை மாடியாம். எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான், வடகிழக்குப் பருவத்தில். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பெய்தது. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே மழை வருகிற மாதமும் சாரல் அடிக்கிற திசையும் ஊருக்கு ஊர் வேறு. எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் சன்ஷேடு என்பதை அது தெரியாத ஆள் எப்படி முடிவு செய்வார்?

இதையெல்லாம் எழுதி அனுப்பினோம். ஒரு மணி நேரத்துக்குள் "ரிவைஸ்டு பிளான்" வந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று திறந்து பார்த்தால், அதே படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். இப்போது வாசல் மேற்கே வந்துவிட்டது, ரோடு சரி. தரை மட்டும் அதே ஒரே லெவல். பாத்ரூம் வடமேற்கிலிருந்து வடகிழக்குக்குப் போய்விட்டது. மாமியார்தான் முதலில் பார்த்தார். "ஈசானியத்துல கக்கூஸா? இதுக்கா வாஸ்து கேட்டான்?" என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். மனையில் நிற்கிற பெரிய சில்வர் ஓக் மரம் இரண்டு பிளானிலும் இல்லை. திருப்பிப் போட்டதில் அது ஹாலுக்கு நடுவே வருகிறது. மலைப் பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதி வாங்கணும் என்று சொன்னேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றார்.

அப்ரூவலுக்கும் இதே பதில்தான். கீழே செல்லுகிற நடைமுறை இங்கே அப்படியே செல்லாது. ஹாக்கா என்று சொல்கிறோமே, மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழுமம், 1990-இல் வந்தது. 1993-இல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. உங்கள் கிராமம், சரிவு, கட்டடத்தின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து புவியியல், வனம், வேளாண் பொறியியல் துறைகள் வரைக்கும் கருத்துக் கேட்பார்கள். அவர் "ஃபைல் உள்ளே போயாச்சு" என்று ஒரு எண்ணை அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் ஆபீஸில் போய்ப் பார்த்தபோது மாமனார் பெயரில் எந்த விண்ணப்பமும் இல்லை. பிளானின் அடியில் லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் முத்திரை ஒன்று இருந்தது. அது யார் என்று கேட்டால், "நம்ம சார் போடுவாரு" என்கிறார். அந்த சார் எங்கள் இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த டிசைனர் கார்டில் இருப்பது "ஆர்க்கிடெக்சுரல் டிசைனர்". 1972-ஆம் வருஷச் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டும்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். அதனால் பலர் இப்படி ஓரமாக ஒதுங்கிப் போகிறார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பதிவு எண்ணை வைத்து யாரும் பார்க்கலாம். டிசைனர் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை, பேப்பர் படிப்பு இல்லாத நல்ல கை எத்தனையோ உண்டு. ஆனால் சரிவான மனையில் லெவல் எடுக்காமல் கோடு போடுகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், 2009 நவம்பர் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர். மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண், தண்ணீர் குடித்து ஊறி, பாரம் தாங்காமல் அப்படியே வீட்டின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். தடுப்புச் சுவர் கட்டினால் மட்டும் போதாது. சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் வேணும், பின்னால் ஜல்லி நிரப்பணும், அந்தச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவு இடைவெளி விட்டு வாய்க்கால் போடணும். மேஸ்திரி சொன்னதை உள்ளூர் இன்ஜினியர் ஒருவரும் அப்படியே சொன்னார்.

அந்த இன்ஜினியரிடம்தான் இப்போது பிளான் போகிறது. முதலில் சர்வே செய்து, லெவல் கோடு போட்ட படம் கொடுத்தார். அதற்குத் தனியாகப் பணம், ரசீதோடு. வீடு இரண்டு தட்டாக இறங்குகிறது. ரோடு மட்டத்தில் ஹால், சமையலறை, பெரியவர்கள் ரூம். பாதி மாடி இறங்கினால் நாங்களும் பிள்ளைகளும். படுக்கிற, உட்காருகிற இடமெல்லாம் கிழக்கு ஓரம், காலை வெயிலுக்கு. மலைப் பக்கத்தில் படிக்கட்டும் ஸ்டோரும். பாத்ரூமெல்லாம் வடக்கு ஓரமாக வரிசையாக, பைப் வெளியிலேயே இறங்கி டேங்க்குக்குப் போகிற மாதிரி. துணி காய மேலே கண்ணாடி ஷீட் போட்ட ஒரு சின்ன வராந்தா. வெட்டுகிற மண் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, சில்வர் ஓக்கும் தப்பித்தது. மாமியாருக்குக் குபேர மூலை போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பழைய ஆள், "வேலை முடிஞ்சிருச்சு மேடம், டிசைன் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாது" என்கிறார். அப்படி எந்தப் பேப்பரிலும் நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. பணம் ஜிபேயில் போனதால் ஆதாரம் இருக்கிறது, சாட் எல்லாம் அப்படியே இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் போடப் போகிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போடணும், அவ்வளவுதான். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் இப்போதாவது வாட்ஸ்அப்பில் "இவ்வளவு பணம் வாங்கினீங்களே" என்று கேட்டு அவர் பதிலைச் சேர்த்து வையுங்கள்.

நோட்டீஸ் போகிற வரைக்கும் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் குன்னூர் பக்கம் ஒருவருக்கும் இதே முப்பதுக்கு நாற்பது போயிருக்கிறது, டக்ட் அளவுகூட மாறவில்லை. அவரும் எங்களோடு சேர்ந்து புகார் கொடுக்கிறார். உங்கள் கையில் இருக்கிற பிளானில் கிழக்கே 23 அடி ரோடும், வடமேற்கு பாத்ரூமுக்குப் பின்னால் செப்டிக் டேங்க்கும் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் போட்டோவும் பணம் அனுப்பிய தேதியும் போதும், எங்கள் புகாரோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்.