ஸ்விர்ல் மார்க்கை நீக்குவதாகச் சொல்லிக் கிளியர் கோட்டைத் தேய்த்துவிட்ட கடை: கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கார் பெயிண்டின்மேல் வெயில் பட்டதும் வட்டவட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்களை, தொழிலில் ‘ஸ்விர்ல் மார்க்’ என்று சொல்லப்படுபவற்றை, முழுமையாக நீக்கித் தருவதாகக் கூறிய சென்னைப் புறநகர் டீடெய்லிங் கடை (காரை மெருகூட்டித் தரும் கடை) ஒன்றில் என்னுடைய கருநீலக் காரை ஒப்படைத்தேன். ‘மூன்று கட்ட பெயிண்ட் கரெக்‌ஷன், அதன்மேல் 9எச் செராமிக் கோட்டிங், 5 ஆண்டு உத்தரவாதம்’ என்று ரசீதில் எழுதி, ஜிஎஸ்டி உட்பட 26,000 ரூபாய் பெற்றுக்கொண்டார்கள். பெயிண்ட் கரெக்‌ஷன் என்பது கீறல்களைத் தேய்த்து நீக்கும் வேலை; செராமிக் கோட்டிங் என்பது பெயிண்டின்மேல் தடவிக் காயவிடும் காப்புப் பூச்சு; 9எச் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நடந்ததோ, கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரி மெஷினால் அவசரமாக ஒரு தேய்ப்பும், எஞ்சிய கீறல்களை மறைக்கும் எண்ணெய்ப்பசையுள்ள பாலிஷ் ஒரு பூச்சும்தான். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய முறையை விரிவாகவே எழுதுகிறேன். பெயர்ப்பலகை மாறினாலும் முறை மாறுவதில்லை.

இதில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் கார் ஒன்றில் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஸ்விர்ல் மார்க் என்பது இந்தக் கிளியர் கோட்டில் விழுந்த நுண்ணிய பள்ளம். அதை ‘நீக்குவது’ என்றால் பள்ளத்தை நிரப்புவது அல்ல, பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. மிதமான பாலிஷ் ஓரிரு மைக்ரானை எடுக்கும். கம்பளிப் பேடும், காம்பவுண்ட் எனப்படும் கரடுமுரடான தேய்ப்புப் பசையும் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு போகும். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் இந்த அடுக்குதான் என்பதால், சீவியது சீவியதுதான். எந்தக் கோட்டிங்கும் அந்தத் தடிமனைத் திருப்பித் தராது. நேர்மையான கைவினைஞர் ஒருவர் எத்தனை குறைவாக எடுத்து எத்தனை கீறலைப் போக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். என் கார் போன கடையில் அந்தக் கணக்கே இல்லை.

கீறல்கள் எப்படி வந்தன என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலையில் வண்டி துடைக்க வருபவர் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பத்து வண்டிகளைத் துடைக்கிறார். துணியில் ஒட்டிய மண்துகள் ஒவ்வொரு துடைப்பிலும் கோடு போடுகிறது. கோடுகள் எல்லாத் திசையிலும் கிடந்தாலும், விளக்கொளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டுமே மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகின்றன. டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

இந்த ஒளி விஷயம்தான் ஏமாற்றின் முதல் கருவி. கடையின் கூரை முழுவதும் அறுகோண வடிவில் எல்இடி விளக்குகள் பதித்திருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும், படம் எடுத்துப் போட இன்னும் அழகாக இருக்கும். ஆனால் பல பக்கங்களிலிருந்து பரவி விழும் ஒளியில் ஸ்விர்ல் மார்க் பெரும்பாலும் மங்கிப்போய்விடும். அதைக் காட்டிக்கொடுப்பது ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் ஒளி, அதாவது வெயில் அல்லது டார்ச். வண்டியை மாலை இருட்டிய பிறகே எடுத்துச் செல்லச் சொன்னதற்கு அப்போது ஒரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் பிறகு விளங்கியது.

இரண்டாவது கருவி நிரப்பி. கிளேஸ் என்றும், எல்லாம் ஒன்றில் அடங்கிய பாலிஷ் என்றும் விற்கப்படும் சில பசைகளில் உள்ள எண்ணெயும் மெழுகும் கீறல்களுக்குள் புகுந்து அவற்றை மறைக்கும். விற்பனைக்கு நிற்கும் பழைய காரைப் பளபளப்பாக்க இதைப் பயன்படுத்துவது தொழிலில் வழக்கம். அப்படித்தான் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் அதில் குற்றமும் இல்லை. கரெக்‌ஷன் என்று ரசீது போட்டு இதைச் செய்வதுதான் மோசடி. அதைவிட, அந்த எண்ணெய்ப்படலத்தின்மேலேயே செராமிக் கோட்டிங்கைத் தடவிவிட்டார்கள். செராமிக் கோட்டிங் சுத்தமான கிளியர் கோட்டில்தான் பிடிக்கும். எண்ணெய் இருந்தால் பிடிக்காது. ஷாம்பூ போட்டுச் சில முறை கழுவியதும் நிரப்பி கரைய, கோட்டிங்கும் ஆங்காங்கே விலக, தண்ணீர் முத்துமுத்தாக உருண்ட இடமெல்லாம் தட்டையாகப் பரவத் தொடங்கியது. பழைய வட்டக் கீறல்கள் திரும்பின. அவற்றோடு புதிதாக, ரோட்டரி மெஷின் போன பாதை முழுவதும் நிழல் நிழலாக நெளியும் ஹாலோகிராம் தடங்களும் தெரிந்தன. கம்பளிப் பேடால் தேய்த்தபின் மென்மையான ஃபோம் பேடால் முடிக்காமல் விட்டால் வருபவை இவை. மூன்று கட்டங்களில் பின்னிரண்டு நடக்கவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பானெட்டின் நடுவே இருபுறமும் ஓடும் மடிப்புக் கோட்டில் ஒரு விரல் நீளத்துக்கு நிறம் பொலிவிழந்து சொரசொரப்பாகக் கிடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். மெஷினின் அழுத்தமும் சூடும் அங்கேதான் குவியும். அதனால் அந்த இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்வது பாலபாடம். கருப்பு நிறப் பிளாஸ்டிக் பட்டைகளின் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்த காம்பவுண்டைப் பார்த்தால், டேப் எங்குமே ஒட்டப்படவில்லை என்பது தெரியும்.

தொடர்பில்லாத வேறொரு கைவினைஞரிடம் காட்டினேன். அவர் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியை வைத்தார். கதவுகளிலும் கூரையிலும் 105 முதல் 115 மைக்ரான் வரை காட்டியது, பானெட்டின் சமதளத்தில் 90க்கு இறங்கியது, மடிப்பில் 70க்கும் கீழே போனது. இந்தக் கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், எந்த அடுக்கு எவ்வளவு போயிற்று என்று பிரித்துச் சொல்லாது. ஒரே காரில் பகுதிக்குப் பகுதி சிறிது வித்தியாசம் இருப்பதும் இயல்பு. எனவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல அவர் மறுத்தார், அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு, பழுதான இடத்தில் கையால் மெல்லத் தேய்த்தார்; துணியில் நீலம் ஏறியது. கிளியர் கோட் உள்ள பெயிண்டில், அது இருக்கும்வரை நிறம் துணிக்கு வராது. நிறம் வந்தால் மேலடுக்கு அங்கே முடிந்துவிட்டது என்று பொருள்.

கடைக்காரர் முதலில், அந்த பானெட் முன்பே மறுபெயிண்ட் அடிக்கப்பட்டது, அதனால்தான் தாங்கவில்லை என்றார். இந்தச் சமாளிப்பை நீங்களும் கேட்க நேரிடலாம். பழைய பெயிண்டின்மேலேயே அடிப்பது வழக்கமாதலால் மறுபெயிண்ட் கண்ட பகுதியில் அளவு கூடத்தான் செய்யும், பல சமயம் 200 மைக்ரானையும் தாண்டும். குறைந்து காட்டுவது அரிது. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. ‘சார், வண்டியைக் கொண்டு வாங்க, இலவசமாக இன்னொரு முறை பாலிஷ் போட்டுத் தருகிறோம்’ என்றார்கள். கேட்பதற்குப் பெருந்தன்மையாகத் தோன்றும் இந்தச் சலுகையே எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏற்கெனவே மெலிந்த பரப்பை மறுபடி சீவினால் ஒரு விரல் நீளம் ஒரு முழமாகும், ஆதாரமும் அழிந்துபோகும். மறுத்துவிட்டேன்.

இத்தகைய வேலைக்கு வண்டியை விடுவதாக இருந்தால், ஒவ்வொரு பகுதியிலும் தடிமனை அளந்து வேலை தொடங்குமுன் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்; பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது, மற்ற இடங்களில் செய்யும். பானெட்டில் ஒரு சிறு கட்டத்தை மட்டும் முதலில் திருத்திக் காட்டச் சொல்லுங்கள். கோட்டிங் போடுவதற்கு முன், ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து உங்கள் கண்ணெதிரே துடைத்து, வண்டியை வெயிலுக்கு நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். நிரப்பி இருந்தால் அங்கேயே கரைந்து குட்டு வெளிப்படும். இதற்கு மறுக்கும் கடையில் வண்டியை விட வேண்டாம். ‘நூறு சதவீதம் கீறல் போகும்’ என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். நகம் வைத்து இழுத்தால் தடுக்கும் அளவுக்கு ஆழமான கீறலைத் துரத்திக்கொண்டு போவது கிளியர் கோட்டை ஓட்டை போடுவதில் முடியும். காலையில் விட்டு மாலையில் எடுக்கலாம் என்பதும் நம்பத்தக்கதல்ல. கழுவி, களிமண் போன்ற கிளே பாரால் ஒட்டுத்துகளை எடுத்து, டேப் ஒட்டி, இரண்டு மூன்று கட்டம் தேய்த்து, துடைத்து, கோட்டிங்கைக் காயவிடுவது ஒரு பகல்பொழுதுக்குள் அடங்காத வேலை.

அந்த 9எச் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவுகோல். கல்லின் கடினத்தை அளக்கும் அளவுகோல் அல்ல. மண் ஒட்டிய துணியால் துடைத்தால் 9எச் கோட்டிங்கிலும் ஸ்விர்ல் மார்க் விழும். எனக்குத் தந்த உத்தரவாத அட்டையின் பின்புறத்தில் ஸ்விர்ல் மார்க்குக்கு உத்தரவாதம் இல்லை என்றும், ஆண்டுதோறும் அவர்களிடமே பணம் கட்டிப் பராமரிப்புச் செய்யாவிட்டால் உத்தரவாதம் முழுவதுமே செல்லாது என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்த பிறகு, கோட்டிங்குக்குரிய தொகையை மட்டும் திருப்பித் தர முன்வந்தார்கள். பானெட் பற்றிப் பேச மறுக்கிறார்கள். அதனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. கட்டிய தொகையுடன் பானெட்டை மறுபெயிண்ட் அடிக்கும் செலவையும் கேட்டிருக்கிறேன். தொழிற்சாலையில் 140 டிகிரி அளவிலான சூட்டில் சுடப்பட்ட கிளியர் கோட்டுக்கு, பணிமனையில் 60 டிகிரி அளவில் உலர்த்தப்படும் பெயிண்ட் ஈடாகாது என்பதையும் மனுவில் எழுதியிருக்கிறேன். தடிமன் அளவுகளையும், நீலம் ஏறிய துணியையும், வெயிலில் எடுத்த படங்களையும் இணைத்தாயிற்று. ஆணையம் வண்டியை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லக்கூடும் என்பதால், அதுவரை பானெட்டில் பாலிஷோ மெஷினோ படாமல் வைத்திருக்கிறேன்.