என் மகள் வனைந்த ஊறுகாய் ஜாடி

இந்த ஜாடியைச் செய்தவள் என் மகள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஊறுகாய் விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. மாவடு, எலுமிச்சை, நார்த்தங்காய் என்று எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று ஊறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு கிலோ மாவடு பிடிக்கிற ஜாடி. வெளியே தவிட்டு நிறம், உள்ளே பால் வெள்ளை. வாய் நல்ல அகலம், என் கை வளையலோடு உள்ளே போகிறது. குறுகின வாய் ஜாடியில் அடியில் தங்கிய காரத்தைக் கிளறுவதற்குள் பாதி வெளியே சிந்திவிடும், போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு பள்ளம் விட்டிருக்கிறாள். வாயைத் துணியால் மூடி வேடு கட்டும்போது கயிறு அதில் உட்கார்ந்துகொள்கிறது, நழுவுவதே இல்லை. சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் அது தோன்றும்.

மூடி கச்சிதம். ஜாடியின் மேலேயே மூடியை வைத்துச் சூளையில் சுடுகிறார்கள். சூட்டில் வாய் துளி கோணினாலும் மூடியும் சேர்ந்தே கோணும். அதனால் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது, மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் தொடுகிற விளிம்பில் கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரியான மேல்பூச்சு, கிடையாது. பூசினால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இது செம்மண் பானை அல்ல, ஸ்டோன்வேர். 1,250 டிகிரிக்கு மேல் சுட்டது. அந்தச் சூட்டில் மண் இறுகிவிடுவதால் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் உள்ளே இறங்காது. எவர்சில்வரில் ஊறுகாய் வைத்து அடியில் புள்ளி விழுந்ததைப் பார்த்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். உள்பக்கத்துக்குக் காரீயம் கலக்காத கிளேஸ். பாதி எலுமிச்சம்பழத்தை ராத்திரி முழுக்க உள்ளே வைத்துக் காலையில் துடைத்துப் பார்த்தேன். பளபளப்பு துளியும் மங்கவில்லை.

மகள் பி.இ. படித்தவள். புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொண்ட பலர் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பட்டறை போட்டார்கள். அப்படி ஒருவரிடம் மண் பிசைவதிலிருந்து ஆரம்பித்து வேலை கற்றவள் இவள். இப்போது சொந்தச் சூளை வைத்திருக்கிறாள்.

ஒரு தடவை சூளை பிரிக்கும்போது நானும் போயிருந்தேன். ஒவ்வொரு ஜாடியாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காதில் வாங்கினாள். எல்லாம் கணீரென்று கேட்டன, ஒன்று மட்டும் மந்தமாக. விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மண் பிசைந்து, வனைந்து, காயவைத்து, இரண்டு தடவை சுட்டு எடுத்த ஜாடி. “எனக்குக் கொடும்மா, அரிசி போட்டு வெச்சுக்கறேன்” என்றேன். “இல்லம்மா, நம்ம வீட்டுக்கு வர்றவங்க இதுதான் நான் செய்யற ஜாடின்னு நெனச்சுப்பாங்க” என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் ‘பெண் என்ன வேலை பார்க்கிறாள்’ என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன். அவர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடுவேன். அப்படியொரு பெருமை எனக்கு.

குறைகளும் உண்டு. ஜாடி கனம். நிறைத்துவிட்டால் பரணில் ஏற்ற முடியாது, மேடையிலேயே இடம் ஒதுக்க வேண்டும். மூடியின் குமிழ் சின்னது, எண்ணெய்க் கையோடு பிடித்தால் வழுக்குகிறது. சொல்லியிருக்கிறேன், அடுத்த சூளைக்கு மாற்றுகிறாளாம். விலை 1,800 ரூபாய். கடை ஜாடியோடு பார்த்தால் அதிகம்தான், ஆனால் மண்ணுக்கும் விறகுக்கும் உழைப்புக்கும் அது நியாயமான விலை.

சூளை நிறைந்தால்தான் மூட்டுவாள். மாவடுக்கு வேண்டுமென்றால் தை மாதமே சொல்லிவைத்துவிடுங்கள். எத்தனை கிலோ போடுவீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும். காய்ந்து சுட்டு முடிப்பதற்குள் மண் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருங்கும், அந்தக் கணக்கை அவள் பார்த்துக்கொள்வாள்.