கோர்ட் வளாகத்துல இருக்கற இலவச சட்ட உதவி மையம் – என் அனுபவம்

எங்க சித்தி பொண்ணு இறந்ததுக்கப்புறம் பேத்தி சித்தி கிட்டதான் வளருது, ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து பேங்க் வரைக்கும் கார்டியன் யாருன்னு கேக்கறாங்க, காசு கொடுத்து பார்த்த ஒரு வக்கீல் "பாட்டி எல்லாம் கேஸ் போட முடியாதும்மா"ன்னு அனுப்பிட்டாரு. அப்புறம்தான் இங்க போனோம்.

இங்க இருந்த வக்கீல் மேடம் 1890 கார்டியன் சட்டத்த எடுத்து 8வது பிரிவ வாசிச்சே காட்டினாங்க. மைனரோட சொந்தக்காரங்க, நண்பர், ஏன் கலெக்டர் கூட மனு போடலாமாம்! குழந்தை வழக்கமா எங்க இருக்கோ அந்த ஊர் கோர்ட்லதான் போடணும்னு ஸ்கூல் போனஃபைட் சர்டிபிகேட்ட முதல்ல கேட்டு வாங்கி வச்சாங்க. அப்பா உயிரோட இருக்காரே, அவருக்குத்தானே முதல் உரிமைன்னு சித்தி பயந்தாங்க, அவருக்கும் நோட்டீஸ் போகும், ஆனா கோர்ட் பாக்கறது குழந்தையோட நலனத்தான், விவரம் தெரிஞ்ச வயசுன்னா குழந்தை விருப்பத்தையும் கேக்கலாம்னு பொறுமையா சொன்னாங்க.

பக்கத்துல ஒரு அக்கா, கல்யாணம் ஆகாம பிறந்த பையனுக்கு ஜீவனாம்சம் கேக்க வந்திருந்தாங்க. அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு, பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ், அதுல 144வது பிரிவு. அந்த அக்கா முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு பாருங்க!

குறைன்னா உக்கார சேர் பத்தல, வெயிட்டிங் ஜாஸ்தி. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது, ஃபீஸ் இல்ல. போறதுக்கு முன்னாடி சட்ட உதவி ஹெல்ப்லைன் 15100க்கு போன் போட்டு பேசிட்டு போங்க.