கட்டுமானக் கணக்கு வகுப்பு என்று 1,680 வெள்ளி (ரிங்கிட்) போச்சு: கோலாலம்பூர் பக்கம் வேலை செய்கிறவர்கள் கவனம்

போன சனி, ஞாயிறு இரண்டு நாள். எங்கள் வேலையாட்கள் ஆறு பேர், தலைக்கு 280 வெள்ளி, மொத்தம் 1,680 வெள்ளி. கைக்கு வந்தது பதினான்கு பக்க ஜெராக்ஸ் நோட்டு. அதில் பாதிக் கணக்கு தப்பு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள். செந்தூல், கெப்போங் பக்கம் நம் ஆட்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் அந்த விளம்பரம் இன்னும் சுற்றுகிறது. கடைசியில் பத்து எச்சரிக்கை எழுதுகிறேன். முதலில் விஷயம்.

பெயர் போடவில்லை. கடைவீட்டு மேல்மாடியில் நடக்கும் ஒரு தனியார் பயிற்சி நிலையம். 'கட்டுமானத் தொழிலாளருக்கு அடிப்படைக் கணக்கும் அளவும், தமிழில், இரண்டே நாளில், சான்றிதழோடு' என்று விளம்பரம். மூலையில் சிஐடிபி (மலேசியக் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியம்) சின்னம். இப்படி ஒரு வகுப்பு தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. பிளானில் மில்லிமீட்டர், டைல் கடையில் சதுர அடி, தவுக்கே (முதலாளி) வாயில் 'காக்கி' (மலாயில் அடி). மூன்றும் ஒரே நாளில் வந்தால் பதினைந்து வருடம் வேலை பார்த்தவரும் தடுமாறுவார்.

நம்ப வைத்தது ஐந்து நிமிட வேலை. பணம் வாங்குவதற்கு முன் அந்த ஆசிரியர் சைட்டுக்கே வந்தார். கார் போர்ச்சின் மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 மீட்டர், அடுத்த சுவரில் 4 மீட்டர் சாக்குக்கட்டியால் குறித்தார். குறுக்கே டேப்பை இழுத்தார். மூலை நேர் 90 டிகிரி என்றால் 5 மீட்டர் வர வேண்டிய இடத்தில் 5.04 வந்தது. "மூலை திறந்திருக்கு பாருங்க அண்ணே, இந்த 4 மீட்டர் சுவர் முடியுறப்போ 67 மில்லி வெளியே போயிருக்கும்" என்றார். சரியான கணக்கு. டைல் வரிசையை அந்தச் சுவரோடு ஒட்டிப் பிடித்திருந்தால் எதிர்ப்பக்கம் ஆப்பு மாதிரி வெட்டுத் துண்டு விழுந்திருக்கும். அறுவரும் தலையாட்டினார்கள். அன்று மாலையே பணம் போனது, அதுவும் நிலையத்தின் பெயரில் இல்லாமல் தனி ஆள் கணக்குக்கு. அங்கேயே விழித்திருக்க வேண்டும். 3-4-5 தெரிந்ததால் ஒருவருக்கு அளவை முழுதும் தெரியும் என்று ஆகாது. எந்த மண்டோருக்கும் (மேஸ்திரிக்கும்) தெரிந்த வித்தை அது.

இனி அந்த நோட்டு.

நான்காம் பக்கம்: '1 மீட்டர் = 3.28 அடி. எனவே 1 சதுர மீட்டர் = 3.28 சதுர அடி.' முதல் பாதி சரி, இரண்டாம் பாதி விஷம். நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியே 3.28 பெருக்க வேண்டும், அப்போதுதான் 10.76 வரும். 24 சதுர மீட்டர் போர்ச் என்றால் உண்மையில் 258 சதுர அடி. நோட்டுப்படி 79. செவ்வாய்க்கிழமை கடையில் நின்று ஒரு தம்பி 5 பெட்டி டைல் கேட்டார். கல்லாவில் இருந்த அம்மாவே "இந்த இடத்துக்கு 17 பெட்டி வேணுமே, வெட்டுக்கழிவு தனி" என்று திருத்தி அனுப்பினார். இந்தத் தப்பு பெரியது, அதனால் உடனே மாட்டிக்கொண்டது.

சின்னத் தப்புதான் பணத்தைத் தின்னும். அடுத்த பக்கத்தில் 'இரண்டுக்கு இரண்டு டைல் = 4 சதுர அடி, 4 துண்டு பெட்டி = 16 சதுர அடி' என்று இருக்கிறது. கடைக்காரர்கள் வாயில் 'டூ பை டூ' என்று வருவது உண்மை. ஆனால் அது 600-க்கு 600 மி.மீ. இரண்டு அடி என்பது 609.6 மி.மீ. அந்த 9.6 மி.மீ. இரண்டு பக்கமும் குறைவதால் ஒரு டைல் 3.875 சதுர அடி, பெட்டி 15.5. பெட்டியின் மேலேயே 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள், அதை 10.76-ஆல் பெருக்கினால் இதே 15.5 வரும். 1,200 சதுர அடி வீட்டுக்கு நோட்டுப்படி 75 பெட்டி. சரியாகப் பார்த்தால் 78. மூன்று பெட்டிதானே, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் அங்கேதான் சிக்கல். பிறகு வரும் பெட்டியில் ஷேட் எண் (நிறச் சாயலைக் குறிக்கும் எண்) வேறாக இருக்கும். ஹால் நடுவில் அரை நிறம் வெளுத்த மூன்று வரிசை கிடக்கும், வீட்டுக்காரர் கடைசித் தவணையைப் பிடித்துக்கொள்வார். இன்னொன்று, ஒட்டுக்கூலியைச் சதுர அடிக்குப் பேசுகிறவர்கள் பெட்டிக் கணக்கில் அளக்கவே கூடாது. தரையை அளந்துதான் கூலி பேச வேண்டும்.

பூச்சுக் கணக்கு இதைவிட மோசம். 10 சதுர மீட்டர் சுவர், 20 மி.மீ. கனம், 1-க்கு 4 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்). நனைந்த அளவு 0.2 கன மீட்டர். நோட்டில் இதை அப்படியே ஐந்தால் வகுத்து, சிமெண்ட் 0.04 கன மீட்டர், ஒரு மூட்டையும் கொஞ்சமும் என்று முடித்துவிட்டார்கள். காய்ந்த மணலும் சிமெண்டும் தண்ணீர் பட்டதும் அமுங்கும். மணல் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தில் சிமெண்ட் போய் உட்காரும். அதனால் நனைந்த அளவோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி, அதாவது 1.33-ஆல் பெருக்கி, பிறகுதான் வகுக்க வேண்டும். அப்போது சிமெண்ட் 0.053 கன மீட்டர், ஏறக்குறைய 77 கிலோ, 50 கிலோ மூட்டையில் ஒன்றரை. அரை மூட்டைக்குக் கிட்டக் குறைந்தால் என்ன ஆகும்? கடைசி இரண்டு தொட்டிக் கலவையில் ஆள் மணலைக் கூட்டி ஒப்பேற்றிவிடுவார். அந்த இடம் மட்டும் ஆறு மாதத்தில் விரலால் கீறினால் மாவாக உதிரும். பழி பூசினவர் மேல்.

கம்பி எடைக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுக்க வேண்டும், மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். நோட்டில் 126 என்று அடித்திருக்கிறார்கள். எண் இடம் மாறியதுதான், ஆனால் விளைவைப் பாருங்கள். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளம் 10.67 கிலோ, 50 கம்பி 533 கிலோ. நோட்டுப்படி 686 கிலோ. இந்த நோட்டை நம்பி நிற்கிறவரிடம் 680 கிலோ என்று பில் நீட்டினால் "சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். வராத 150 கிலோ கம்பிக்குக் காசு.

சரிவு பற்றி ஒரு வரி: '1 சதவீதம் = 1 டிகிரி' என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை. 6 மீட்டர் பைப்புக்கு 1 சதவீதம் 60 மி.மீ., 1 டிகிரி என்றால் 105 மி.மீ. பைப்பின் முனை, அது போய்ச் சேரும் குழியின் வாய்க்குக் கீழே 45 மி.மீ. இறங்கி நிற்கும். டிஜிட்டல் மட்டப்பலகையில் டிகிரி காட்டுகிறதா சதவீதம் காட்டுகிறதா என்று பார்க்கவே சொல்லித்தரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட எரிச்சல் வந்தது டேப்பைப் பார்த்தபோது. ஆறு பேரும் திரும்பி வந்தார்கள், ஆறு டேப்பிலும் முனைக் கொக்கி ஆணியோடு சேர்த்துச் சுத்தியலால் இறுக்கப்பட்டிருந்தது. "ஆடுது, அதான் அளவு தப்புதுன்னு சார் சொன்னாரு, எல்லாருக்கும் தட்டிக் கொடுத்தாரு." அந்தக் கொக்கி ஆடத்தான் வேண்டும். கொக்கி எவ்வளவு கனமோ அவ்வளவுதான் ஆடும், ஏறக்குறைய ஒரு மி.மீ. பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக வருவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்ளே தள்ளியபடி இறுக்கிவிட்டால், மாட்டி இழுக்கும் ஒவ்வொரு முறையும் டேப் ஒரு மி.மீ. கூடுதலாகக் காட்டும், வெட்டும் துண்டு ஒரு மி.மீ. குறையும். பத்துத் துண்டு அடுக்கினால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. ஆறு டேப்பும் இப்போது குப்பை. 1,680 வெள்ளியில் இந்தச் செலவைச் சேர்க்கவில்லை.

பிறகு கேட்கப் போனோம். புதன்கிழமை: "சான்றிதழ் சிஐடிபியில இருந்து வரணும், மூணு நாள் பொறுங்க." எந்தப் பதிவு எண்ணில் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டோம், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நோட்டின் நான்காம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம். "3.28 சரியாத்தான் இருக்கு, நீங்களே கூகுள்ல தட்டிப் பாருங்க அண்ணே." நீளத்துக்கு அது சரி, பரப்புக்கு இல்லை என்று விளக்கினால் "அது அட்வான்ஸ் லெவல், அடுத்த கோர்ஸ்ல வரும், பழைய மாணவருக்கு 180 வெள்ளிதான்". இன்னும் 180! வியாழக்கிழமை வேறு எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினார், ஆசிரியர் ஈப்போ போயிருக்கிறாராம், இனி இவரிடம்தான் பேச வேண்டுமாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "ரசீது பின்னாடி பாருங்க, திருப்பித் தர மாட்டோம்னு போட்டிருக்கு". ரசீது எங்களுக்குப் புலனத்தில் படமாகத்தான் வந்தது. முன்பக்கம் மட்டும்.

பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்துக்குப் போனால் 5 வெள்ளி கட்டணத்தில் 1,680 வெள்ளியைக் கேட்கலாம் என்று நினைத்தோம். அது சொந்த, வீட்டுத் தேவைக்குப் பணம் கொடுத்தவருக்கு. ரசீது எங்கள் தொழில் பெயரில் இருக்கிறது, வேலையாட்களுக்காகக் கட்டியது. அந்தக் கதவு அடைத்துவிட்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரை சிறு வழக்கு போடலாம், வக்கீல் தேவையில்லை, ஆனால் வழக்கு போடுகிறவர் தனிநபராக இருக்க வேண்டும். அதற்கான தாள்களைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.

பத்து எழுதுகிறேன் என்றேன். காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் லோரி வருகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான்:

பணம் கட்டுமுன் நோட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

ஆசிரியரிடம் ஒரே கேள்வி: 600-க்கு 600 டைல் எத்தனை சதுர அடி? '4' என்று சட்டென்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சின்னத்தை நம்பாதீர்கள், சான்றிதழ் தருகிறார்களா என்று சிஐடிபியிடமே கேளுங்கள். பணம் கட்டும் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் (மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும்) தட்டிப் பாருங்கள். தனி ஆள் பெயர் என்றால் வேண்டாம்.

டேப் கொக்கியை யாரையும் தட்ட விடாதீர்கள். ஏற்கெனவே தட்டியிருந்தால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், புது டேப் வாங்கும் வரை.