டீல் உடைந்த அன்று: போனா, வாட்ஸ்அப்பா, மெயிலா?

சென்னையில் ஒரு மறுவிற்பனை ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். விலை 68 லட்சம். டோக்கனோடு சேர்த்து அக்ரிமென்ட் அன்று கைமாறிய முன்பணம் 6.8 லட்சம், கெடு 90 நாள். ஐம்பதாவது நாளில் பேங்க் கையை விரிக்கிறது. வாங்குபவர் தன் புரோக்கரிடம் சொல்லிவிட்டார். இனி அந்த புரோக்கர் ஓனர் பக்க புரோக்கரிடம் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. டீல் உடைந்ததை விட, உடைந்ததைச் சொன்ன விதத்தால் சிக்கிக்கொண்ட முன்பணங்களே அதிகம்.

"நாம வெறும் தூது சொல்ற ஆள்தானே" என்ற நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 229-வது பிரிவு, முகவர் தன் வேலையின் போக்கில் அறிந்துகொண்ட தகவலை அவரை அமர்த்தியவருக்கே சொன்னதாக எடுத்துக்கொள்கிறது. புரோக்கர் அந்த அர்த்தத்தில் முகவரா இல்லையா என்று கோர்ட்டில் வாதாடலாம்தான். அந்த வாதத்தை நம்பி மெசேஜ் தட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. இரவு பத்து மணிக்கு அவசரத்தில் எழுதிய ஒரு வரி, பின்னால் வழக்கில் "வாங்குபவரே மறுத்துவிட்டார்" என்பதற்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

போன்

வேகத்திலும் மரியாதையிலும் போனுக்கு ஈடு கிடையாது. ஓனர் பக்க புரோக்கர் விஷயத்தை முதலில் உங்கள் வாயால் கேட்க வேண்டும். லோன் ஏஜென்ட் மூலமாகவோ குரூப்பிலோ அவருக்குத் தெரியவந்தால், அவர் ஓனர் முன்னால் ஒன்றும் தெரியாதவராக நிற்பார். அந்தக் கோபம் முன்பணம் திரும்பும் நாள் வரை தணியாது.

போனின் குறை, பேசியது காற்றோடு போய்விடும். "ஒரு வாரத்துல பார்க்கலாம்" என்று இவர் சொன்னது, அவர் காதில் "ஒரு வாரத்தில் பணம்" என்று விழுகிறது. ஓனரிடம் போகும்போது அதுவே "அவங்க வேண்டாம்னுட்டாங்க" என்று மாறிவிடுகிறது. எனவே போனில் மூன்று விஷயம் போதும்: எங்கே நின்றது, சரிசெய்ய வழி உண்டா, எழுத்தில் எப்போது அனுப்புவீர்கள். பணத்தைப் பற்றி முதல் அழைப்பில் வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

வாய்ஸ் நோட்டு போனும் இல்லை, எழுத்தும் இல்லை. பதில் கேள்வி கேட்க முடியாது, தேடி எடுக்க முடியாது, ஆனால் ஃபார்வர்டு மட்டும் ஆகும். ஓனர் வீட்டில் ஸ்பீக்கரில் ஓடும்போது உங்கள் பெருமூச்சுக்கும் ஓர் அர்த்தம் கற்பிப்பார்கள். தவிர்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்

தொழில் முழுக்க இதில்தான் நடக்கிறது, ஆகவே தப்பும் இதில்தான் அதிகம். தினமும் ஏதோ ஒரு போனிலிருந்து கிளம்பும் வகை ஒன்று இதோ:

"சார் பார்ட்டி பேக் அடிச்சுட்டாங்க. லோன் ஆகல. உங்க ஓனர் பேப்பர் சரியில்ல. அட்வான்ஸ் இந்த வாரமே வேணுமாம்."

நாலு வாக்கியத்தில் நாலு கண்ணி. முதலாவது, வாங்குபவர் தானாக விலகினார் என்று ஓனர் கையில் எழுதிக் கொடுத்த மாதிரி. முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள அவருக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். இரண்டாவது வாக்கியம், காரணம் மாதிரி இருக்கிறதே தவிர காரணம் இல்லை. மூன்றாவது வாக்கியம் ஒரு குற்றச்சாட்டு; எந்தப் பேப்பர், என்ன குறை என்று எதுவும் இல்லை. நாலாவதில் தொகையும் இல்லை, கணக்கும் இல்லை, மிரட்டல் மட்டும் இருக்கிறது. போதாக்குறைக்கு முதல் வாக்கியமும் மூன்றாவதும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. பேப்பர் சரியில்லை என்றால் பார்ட்டி பேக் அடிக்கவில்லையே.

அதே நிலைமையை இப்படியும் எழுதலாம்:

"சார், 6 மணிக்குப் பேசியபடி. மடிப்பாக்கம் ஃபிளாட், இரண்டாவது மாடி. பேங்க் லீகலில் ஒரு கேள்வி நிற்கிறது. 1994 கிரயம் ஓனரின் அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றில் மூன்று பேர், அக்ரிமென்ட்டில் இரண்டு பேர்தான் கையெழுத்து. மூன்றாமவர் கையெழுத்தோ விடுதலைப் பத்திரமோ கிடைக்குமா என்று ஓனரிடம் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். முன்பணம் பற்றி அதற்கப்புறம் பேசலாம். என் பார்ட்டி படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இதை அனுப்புகிறேன்."

"கேன்சல்" என்ற வார்த்தையே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். விஷயம் நிற்கிறது, முடியவில்லை. பந்து ஓனர் பக்கம் போய்விட்டது, யார் மீதும் பழி விழவில்லை. இப்படி எழுதப்பட்ட டீல்களில் சில, மூன்றாவது வாரிசு வந்து கையெழுத்துப் போட்டதும் பிழைத்துக்கொள்வதும் உண்டு. கடைசி வரி சம்பிரதாயம் இல்லை. பார்ட்டி படிக்காத மெசேஜை அவர் பெயரில் அனுப்பினால், நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று அவரே சொல்வார்.

வாட்ஸ்அப்பின் பலவீனம் சாட்சி என்ற இடத்தில் தெரியும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் தர வேண்டும். போனை மாற்றி பேக்கப் போய்விட்டால் கதை முடிந்தது. எல்லோருக்கும் அழிக்கும் வசதி அனுப்பிய பின் இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை இருப்பதால், முக்கியமான பதில் வந்ததும் உரையாடலை ஏற்றுமதி செய்து மெயிலில் போட்டு வையுங்கள்.

மெயில்

புரோக்கர்கள் மெயில் எழுத அலுத்துக்கொள்வார்கள். டோக்கனோடு நின்ற டீலுக்கு அது தேவையும் இல்லை; 50,000 ரூபாய்க்கு மெயில் அனுப்பினால் எதிராளி வக்கீலைத் தேடுவார். ஆனால் அக்ரிமென்ட் பதிவாகி லட்சக்கணக்கில் முன்பணம் போயிருந்தால், தொகையும் தேதியும் பேசும் கட்டத்தில் மெயிலுக்கு மாறுவதே சரி. இரண்டு பார்ட்டிகளையும் நகலில் சேர்க்கலாம், பேங்கின் கேள்விப் பட்டியலை இணைக்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திரித்துச் சொல்வதற்கு வழி குறைகிறது.

வக்கீல் நோட்டீஸை நான்காவது வழியாகச் சிலர் முதலிலேயே எடுக்கிறார்கள். அது போன பிறகு புரோக்கர்களுக்குள் பேச்சு நின்றுவிடும், எல்லாம் வக்கீல் மூலமாகத்தான். ஓனர் பதிலே சொல்லாமல் கெடு நெருங்கினால் மட்டும் அதற்குப் போகலாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கு காலவரம்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு; அக்ரிமென்ட்டில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, இல்லையென்றால் மறுப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. "மறுத்துவிட்டார்" என்ற சொல்லை மெசேஜில் போடும் முன் யோசிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரணத்தை எவ்வளவு சொல்வது?

"லோன் ரிஜெக்ட்" என்று ஒரே மூட்டையில் கட்டுவது எல்லாருக்கும் வழக்கம். பேங்க் மூன்று இடத்தில் நிறுத்தும், மூன்றுக்கும் பதில் வேறு.

லீகலில் நின்றால் குறை பத்திரத்தில் இருக்கிறது, அதாவது ஓனர் பக்கம்: தாய்ப்பத்திரம் தொலைந்தது, வாரிசு கையெழுத்து விட்டுப்போனது, பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்தவர் இறந்துபோனது, இ.சி.யில் (வில்லங்கச் சான்றில்) பழைய அடமானம் நீங்காமல் இருப்பது. இங்கே முழுக்கச் சொல்லுங்கள். ஆவண எண்ணும் ஆண்டும் சேர்த்து. ஓனருக்கு அது உதவி. அடுத்த பார்ட்டி வந்தாலும் அதே கேள்விதான் வரப்போகிறது. லீகல் ஒப்பீனியன் நகலையே கொடுப்பதானால் வாங்குபவரின் அனுமதி வேண்டும், அது அவர் செலவில் வந்தது.

டெக்னிக்கலில் நிற்பது இன்னொரு வகை. 68 லட்சத்துக்குப் பேசிய ஃபிளாட்டை பேங்க் மதிப்பீட்டாளர் 60 லட்சம் என்று போடுகிறார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு மதிப்பில் 80 சதவீதம். எதிர்பார்த்தது 54.4 லட்சம், கிடைப்பது 48 லட்சம், துண்டு 6.4 லட்சம். இது யார் குற்றமும் இல்லை. எண்களை அப்படியே அனுப்பினால் விலையைக் கொஞ்சம் குறைத்தோ வேறு பேங்க் பார்த்தோ தீர வாய்ப்பு உண்டு. பிளான் மீறிய கட்டடம் என்று நிறுத்தியிருந்தால் மட்டும் வேறு பேங்கும் பெரும்பாலும் அதையே சொல்லும்.

மூன்றாவது, வாங்குபவரின் வருமானமோ சிபில் மதிப்பெண்ணோ. இங்கே குறைவாகச் சொல்லுங்கள்: "கடன் தகுதியில் நின்றது" போதும். மதிப்பெண் எவ்வளவு, எந்த கிரெடிட் கார்டு பாக்கி என்பதெல்லாம் ஓனருக்குத் தேவையற்றது. சம்பளச் சீட்டையோ பேங்க் கடிதத்தையோ ஃபார்வர்டு செய்வது நம்பிக்கைத் துரோகம்.

வாங்குபவருக்கு மனசு மாறிவிட்டது, அவ்வளவுதான் என்றால்? லோன் ரிஜெக்ட் என்று பொய் சொல்வது சுலபம்போலத் தெரியும். அந்த ஏரியாவில் லோன் ஏஜென்ட்டுகள் பத்துப் பேர்தான், ஒரு வாரத்தில் உண்மை வந்து சேரும். "தொடர விருப்பமில்லை" என்பதை வாங்குபவர் தன் வக்கீலைக் கேட்டு, தானே எழுதித் தரட்டும். புரோக்கர் தன் வார்த்தையில் எழுத வேண்டாம்.

பணத்தைப் பற்றிய மெசேஜ்

இது தனி மெசேஜாகத்தான் போக வேண்டும். அதற்கு முன் டோக்கன் ரசீதையும் அக்ரிமென்ட்டையும் எடுத்துப் பாருங்கள். முன்பணத்தை அச்சாரம் என்று எழுதி, தவறினால் பிடித்தம் என்ற ஷரத்தும் இருந்தால் ஓனர் கை ஓங்கும். விலையில் ஒரு பகுதி என்று மட்டும் இருந்தால் முழுதாகப் பிடிப்பது கஷ்டம். பிடித்து வைத்த தொகை ஓனருக்கு வரி கட்ட வேண்டிய வருமானமாகிவிடும் என்பதையும் அவர் பக்க புரோக்கர் மெல்லச் சொல்லலாம்.

தொகையைத் துல்லியமாக எழுதுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டி.டி.எஸ். (மூலத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்திருப்பார்கள். நம் உதாரணத்தில் 6.8 லட்சத்தில் 6,800 அரசுக்குப் போய்விட்டது, ஓனர் கையில் வந்தது 6,73,200. "6.8 லட்சம் திருப்புங்க" என்று இவர் எழுத, "நான் வாங்கினதே அவ்வளவு இல்லையே" என்று அவர் குதிக்க, 6,800 ரூபாய்க்காகப் பத்து நாள் ஓடும். அந்த வரியை வாங்குபவர் வருமான வரித்துறையிடம் திரும்பக் கேட்பதா, ஓனர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு தருவதா என்பதை இரண்டு ஆடிட்டர்களிடமும் கேட்டு ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே வரவைக் கோரினால் சிக்கல்.

ரொக்கமாகத் திருப்புகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சொத்து முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் திருப்புவதும் வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். அபராதம் அதே அளவு தொகை.

அடுத்த பார்ட்டி கிடைத்ததும் தருகிறேன் என்று ஓனர் சொல்வதுண்டு. ஓனர் பக்க புரோக்கர் அதை அப்படியே கடத்தக் கூடாது. தேதி இல்லாத வாக்கு எழுத்தில் மோசமாகத் தெரியும். "பாதி இந்தத் தேதி, மீதி இந்தத் தேதி, அதற்குள் ஆள் கிடைக்காவிட்டாலும்" என்று வாங்கிக்கொண்டு வந்து சொல்ல வேண்டும்.

ரத்துப் பத்திரம்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய அக்ரிமென்ட் பதிவு கட்டாயம். பதிவான அக்ரிமென்ட் இ.சி.யில் ஏறிவிடும். புரோக்கர்கள் எவ்வளவு இனிமையாகப் பேசி முடித்தாலும், இரண்டு பார்ட்டியும் சார்பதிவாளர் அலுவலகம் போய் ரத்துப் பத்திரம் பதியாத வரை அடுத்த பேங்க் அந்த வரியைக் காட்டி நிறுத்தும். ஓனருக்குப் பிடி வாங்குபவரின் கையெழுத்து, வாங்குபவருக்குப் பிடி பணம். இரண்டும் ஒரே நாளில் கைமாற வேண்டும். முந்தின நாளே டிடியின் (டிமாண்ட் டிராஃப்ட்டின்) படத்தை வாங்கி அனுப்புங்கள், பதிவுத்துறை டோக்கன் நேரத்தை எழுதுங்கள், யார் ஒரிஜினல் அக்ரிமென்ட் கொண்டுவருகிறார், சாட்சி யார் என்பதையும். கையெழுத்தாகி விரல் ரேகை வைத்ததும் டிடி கைமாறட்டும்.

குரூப்பில் "மறுபடி சேலுக்கு" என்று போடுவது அதற்குப் பிறகுதான். அப்போதும் "முந்தின பார்ட்டி லோன் ரிஜெக்ட்" என்று சேர்க்காதீர்கள். படிப்பவர் மனதில் அது "பேப்பர் பிரச்சினை" என்றே பதியும், ஃபிளாட் விலை அன்றே இறங்கும். நேரில் கேட்கும் அடுத்த பார்ட்டிக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், குரூப்புக்குத் தேவையில்லை.

கமிஷன் பேச்சு இவ்வளவுக்கும் பிறகு. தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை முடியும் வரை முகவருக்குக் கூலி கேட்க முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 219-வது பிரிவு. அலைந்த செலவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவரவர் பார்ட்டியிடம் தனியாகக் கேளுங்கள். எதிர்ப்பக்க புரோக்கரைத் தாண்டி அவர் பார்ட்டிக்கு நேரே போன் போட்டுக் கேட்டால், அந்த நம்பரிலிருந்து அடுத்த லிஸ்டிங் வராது.