நிலநடுக்கத் தரவுக்கு அசையும் சிறு ரோபோ: ஒன்றரை ஆண்டு அனுபவம்

மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகை பொருத்திய இரண்டு சக்கர ரோபோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தரையில் வரைந்த கோட்டைப் பின்தொடரும் பயிற்சி மகளுக்கு அலுத்துப்போன பிறகு, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் வெளியிடும் நிலநடுக்கத் தரவுக்கேற்ப அது அசையும்படி நிரல் எழுதினோம். அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. மைக்ரோபிட்டில் வைஃபை இல்லாததால், லேப்டாப்பில் ஓடும் பைத்தான் நிரல் தரவை எடுத்து யுஎஸ்பி வழியாக ஒரு மைக்ரோபிட்டுக்குக் கொடுக்க, அது ரோபோவில் உள்ள இன்னொன்றுக்கு ரேடியோவில் அனுப்புகிறது. மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுத உதவும் மேக்கோடில் ஒரு செய்தியில் 19 எழுத்துகளே அடங்கும் என்பதால், ஊர்ப்பெயரையும் சேர்த்து அனுப்பும் ஆசையை அன்றே விட்டோம்.

இதெல்லாம் ஒரு வார இறுதியில் முடிந்த வேலை. எது புதிய செய்தி என்பதை ரோபோவுக்குப் புரியவைக்கத்தான் மாதக்கணக்கில் ஆயிற்று. கடந்த ஒரு மணி நேரப் பட்டியலை நிமிடந்தோறும் படித்ததால், ஒரே நிலநடுக்கத்துக்கு அது திரும்பத் திரும்ப ஆடியது. நிகழ்வின் அடையாளக் குறியை ரோபோவின் நினைவில் வைத்தோம். சில வாரங்களில் பழைய ஆட்டம் மறுபடியும் தொடங்கியது. பேட்டரி தளர்ந்திருக்கும்போது, மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து பலகை தானாக மறுதொடக்கம் ஆகிறது, நினைவும் அழிகிறது, அடுத்த நிமிடமே அதே நிகழ்வு புதிதாகத் தெரிய மோட்டார் மறுபடியும் கிளம்புகிறது. குறியை லேப்டாப்பில் ஒரு கோப்பில் எழுதிய பிறகே அது அடங்கியது.

ஒரு மாலை ரோபோ பின்னோக்கி நகர்ந்து மேசை விளிம்புவரை போய்விட்டது. மோட்டார் கம்பிகளை மாற்றிச் செருகிவிட்டோமோ என்று கழற்றிப் பார்த்தோம், கம்பிகள் சரியாகவே இருந்தன. பட்டியலில் அந்த அதிர்வின் அளவு -0.4 என்றிருந்தது. இது மடங்குகளில் ஏறி இறங்கும் மடக்கை அளவுகோல் என்பதால் மிகச் சிறிய அதிர்வுகள் பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கும். அளவை அப்படியே வேகத்தால் பெருக்கியிருந்த எங்கள் நிரல், சக்கரத்தையும் பின்னோக்கிச் சுழற்றியிருக்கிறது. கல் குவாரி வெடிப்புகளும் அதே பட்டியலில் வருவதால் அவற்றைத் தனியே வடிகட்ட வேண்டியிருந்தது.

இப்போது 4.5-க்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுக்கிறோம். அமெரிக்காவின் சிற்றதிர்வுகளே நிறைந்திருந்த பட்டியலில் இந்தோனேசியாவும் சிலியும் கண்ணில் படத் தொடங்கின. அளவு 6-க்கும் 7-க்கும் இடையே வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு வேறுபடும். அதைச் சக்கர வேகத்தில் காட்ட வழியில்லை, அந்த விஷயத்தில் எங்கள் ரோபோ பொய்தான் சொல்கிறது.

முதலில் வெளியாகும் அளவு பின்னர் திருத்தப்படுவதும் உண்டு. திருத்தத்துக்கும் அசைய வேண்டும் என்பது மகளின் கட்சி, கூடாது என்பது என் கட்சி. இப்போதைக்கு நின்ற இடத்திலேயே எல்இடி விளக்குகளில் புதிய எண்ணை மட்டும் காட்டுகிறது.